இலைத் தேயிலையில் டீ போடுவது எப்படி: சேலம் தண்ணீருக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் ஒரு முழு வழிகாட்டி

சேலத்து வீடுகளில் டீ என்றால் பெரும்பாலும் ஒரே முறைதான். தண்ணீர், பால், தூள், இஞ்சி, சர்க்கரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் போய் இரண்டு முறை பொங்கி வர வேண்டும். குருணையாக வரும் சி.டி.சி. தூளுக்கு அது பொருத்தமான முறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்காட்டுக்குப் போய்விட்டு இறங்கும்போது வாங்கிவந்த நீலகிரி இலைத் தேயிலையையும் அதே பாத்திரத்தில் அதே மாதிரி கொதிக்க விட்டால், மணம் ஆவியோடு போய்விடும், நிறமும் ஏறாது, மிஞ்சுவது துவர்ப்பு மட்டும். "இதுக்கு நம்ம டஸ்ட் டீயே தேவலாம்" என்று அந்தப் பொட்டலம் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

இலைத் தேயிலைக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். அளவு, சூடு, நேரம், தண்ணீர் என்று நான்கு விஷயங்கள்தான். முதல் மூன்றையும் ஒரே நாளில் பழகிவிடலாம். சேலத்தில் காலை வாருவது நான்காவது. அதனால் இலையில் தொடங்கினாலும், தண்ணீரிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது

பறித்த கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாட்டி, உருட்டி, காற்றில் பரப்பி வைத்து, பிறகு சூட்டில் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. காற்றில் கிடக்கும் கட்டத்தைத் தொழிற்சாலைகளில் 'ஃபெர்மென்ட்டேஷன்' என்பார்கள். ஆனால் தோசை மாவு போல அங்கே எதுவும் புளிப்பதில்லை. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது போன்ற வினைதான். இலையில் இருக்கும் கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து தியாஃபிளேவின்களாகவும் தியாரூபிகின்களாகவும் மாறுகின்றன. முதலாவது கோப்பைக்குப் பொன்னிறப் பளிச்சும் நாக்கில் சுறுக்கும் தருவது. இரண்டாவது செம்பழுப்பு நிறமும் கனமும் தருவது. ஒரு டீ 'பளிச்' என்று இருக்கிறதா, 'கெட்டி'யாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம்தான்.

உருட்டும் விதத்தில் வழி பிரிகிறது. இலையை முறுக்கி உருட்டுவது ஆர்த்தடாக்ஸ். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது சி.டி.சி. குருணையில் செல்கள் முழுவதும் உடைந்துவிடுவதால் சாயம் உடனே இறங்கும், பாலையும் தாங்கும். முறுக்கிய இலை மெதுவாகத்தான் திறக்கும். அந்த மெதுவில்தான் மணம் இருக்கிறது.

ஓ.பி., பி.ஓ.பி., எஃப்.ஓ.பி., டி.ஜி.எஃப்.ஓ.பி. என்ற எழுத்து வரிசைகள் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்பவை. ருசிக்குக் கொடுத்த மதிப்பெண் என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஓ.பி. நீளமான முழு இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, அதற்கும் சிறியது பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். முன்னால் எஃப்., ஜி., டி. சேர்ந்தால் மொட்டு நுனிகள் கூட இருக்கின்றன என்று பொருள். நல்ல தோட்டத்துப் பி.ஓ.பி., சுமாரான தோட்டத்து ஓ.பி.யைச் சுலபமாகத் தோற்கடிக்கும்.

ருசியைப் பிரித்துப் பார்ப்பது

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கும் நமக்கு டீ ருசிப்பது பாதி சுலபம். துவர்ப்பையும் கசப்பையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நாவற்பழம் தின்ற பிறகு ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகிப் பிடிக்கிறதே, அது துவர்ப்பு. பாகற்காய் அடிநாக்கில் விட்டுப்போவது கசப்பு. நல்ல கறுப்புத் தேயிலையில் துவர்ப்பு இருக்க வேண்டும். வந்து, வாயைக் கழுவியது போல உடனே விலக வேண்டும். போகாமல் ஒட்டிக்கொண்டு கசப்பும் சேர்ந்தால், இலை அதிக நேரம் ஊறியிருக்கிறது அல்லது அளவு கூடியிருக்கிறது.

நீலகிரியிலிருந்து தொடங்குவது நமக்கு வசதி. கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இலை அதுதான். தெளிவான செம்பொன் நிறம், லேசான பூமணம், அதிகம் அழுத்தாத உடல் (வாயில் உணரும் கனம்). டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால், அந்தப் பருவத்து இலையில் மணம் தூக்கலாக இருக்கும். உறைபனிக் காலத்து இலை என்று தனியாகவே விற்பார்கள். நீலகிரி டீ ஆறினாலும் கலங்குவது குறைவு. ஐஸ் டீக்கு இதைவிட ஏற்ற இலை அரிது.

அஸ்ஸாம் வேறு ரகம். சமவெளியில் வளரும் பெரிய இலைச் செடி. 'மால்ட்' மணம் என்று எழுதுவார்களே, அது என்ன என்று குழம்ப வேண்டாம். முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுக்கும்போது அடுப்படியில் எழும் வாசம்தான் அது. மே, ஜூன் மாதத்து இரண்டாம் பறிப்பில் இது நன்றாகத் தெரியும். பால் சேர்க்க வேண்டுமானால் இந்த இலையே முதல் தேர்வு.

டார்ஜிலிங்கில் பருவம் பார்த்து வாங்க வேண்டும். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரையிலான முதல் பறிப்பு பார்வைக்கே பச்சை கலந்திருக்கும். கோப்பையிலும் வெளிறிய பொன்னிறம்தான். கறுப்புத் தேயிலை என்று நம்பி வாங்கியவர் "சாயமே இறங்கலையே" என்று கொதிக்க வைத்துக் கெடுப்பது இதைத்தான். மே, ஜூன் பறிப்பில் வருவது புகழ்பெற்ற 'மஸ்கடெல்' மணம். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் இனம்தான். அந்தத் திராட்சையின் தோலைக் கடித்தால் வரும் மணத்தை நினைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும். சின்னத் தத்துப்பூச்சி இலையைக் கடிக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களுக்கும் அந்த மணத்தில் பங்கு உண்டு.

இலங்கையில் உயரம்தான் ருசி. நுவரெலியா மெல்லியது, திம்புள்ளயில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம், தாழ்நிலத்து ருகுண கறுத்த, கனத்த டீ. தனியாகச் சொல்ல வேண்டியது ஊவா. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் இலையில் ஒரு குளிர்ச்சி ஏறும். சுளுக்குத் தைலத்தில் இருக்கும் அதே மெத்தில் சாலிசிலேட்தான் காரணம். முதல் மிடறில் திடுக்கிட வைக்கும், மூன்றாவதில் பிடித்துப்போகும். சீன இலைகள் இங்கே கிடைப்பது குறைவு. கிடைத்தால், யுன்னான் இலையில் தேன் சாயலும், லாப்சாங் சூச்சோங்கில் பைன் கட்டைப் புகையும் இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

தண்ணீர்

கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் பூமிக்குள் இருப்பது மேக்னசைட், ஊர்ப்பேச்சில் வெள்ளைக்கல். அப்படிப்பட்ட மண்ணின் வழியாக இறங்கிய போர் தண்ணீரில் மெக்னீசியமும் கால்சியமும் கரைந்திருக்கும். சாம்பார்ப் பருப்பு வேகாததும், கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிவதும், டீயின் மேல் எண்ணெய் போல ஒரு ஏடு மிதப்பதும் ஒரே குடும்பத்துத் தொல்லைகள். கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்புநிற மெல்லிய ஏடு துண்டுதுண்டாக உடைந்து நகர்ந்து, கோப்பையின் ஓரத்தில் வளையமாக ஒட்டும். தூளில் கலப்படம் என்று பலர் நினைப்பது இதைத்தான். கால்சியமும் பைகார்பனேட்டும் உள்ள தண்ணீரில், டீயின் பாலிஃபீனால்கள் (கேட்டகின் வகைப் பொருள்கள்) காற்றுபட்டு உண்டாக்கும் படலம் அது.

ருசிக்கும் கேடு உண்டு. பைகார்பனேட் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) ஏறும். காரத்தில் டீயின் நிறம் கறுக்கும், பளிச் போகும், மணம் அமுங்கும். 'கலர் நல்லா வருது, ருசிதான் இல்லை' என்ற புகாரின் வேர் இதுதான்.

ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினால் தீருமா? பாதி தீரும். டி.டி.எஸ். 20, 30 என்று வரும் தண்ணீரில் ஏடு வராது. ஆனால் டீ மெலிந்து, தட்டையாக, சில இலைகளில் வெடுக்கென்று இருக்கும். 50 முதல் 150 வரையிலான டி.டி.எஸ். நல்ல எல்லை. டி.டி.எஸ். என்பது கரைந்த எல்லா உப்புகளின் மொத்தம்தான், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது; இருந்தாலும் வீட்டுக்கு அந்தச் சின்ன மீட்டர் போதும்.

கலந்து சரிசெய்வது எளிது. ஆர்.ஓ. 30, குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 250 என்று மீட்டர் காட்டினால், பாதிக்குப் பாதி கலந்தால் 140. ஆர்.ஓ. 30, போர் தண்ணீர் 900 என்றால் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு, 117 வரும். உங்கள் வீட்டு எண்களை அளந்து இதே கணக்கைப் போடுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் வழி என்றால், 10 நிமிடம் கொதிக்க வைத்து, ஆறி வெள்ளை படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் சாய்த்து எடுத்து மறுபடி காய்ச்சுங்கள். கடினத்தன்மை முழுதும் போகாது, ஆனால் ஏடு வெகுவாகக் குறையும். குளோரின் வாசம் அடிக்கும் தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

போடும் முறை: இரண்டு கோப்பைக்கு

வேண்டியவை: 400 மி.லி. தண்ணீர், 5 கிராம் இலை, மூடியுள்ள பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரம், அகலமான வடிகட்டி, டீ வடித்து வைக்க இன்னொரு பாத்திரம், செல்போனில் டைமர்.

இலையை எடை போடுவது நல்லது. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் அதில். இல்லையென்றால் டீஸ்பூன் கணக்கில், தலைதட்டிய ஒரு ஸ்பூன் பி.ஓ.பி. ஏறக்குறைய 2 முதல் 2.5 கிராம், அதே ஸ்பூனில் நீள இலை ஓ.பி. 1 முதல் 1.5 கிராம்தான் நிற்கும். முறுக்கிய இலைகளுக்கு இடையே காற்று அதிகம். 'ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன்' என்ற பழைய கணக்கு ஓ.பி.யில் தண்ணியாகவும் டஸ்டில் கடுப்பாகவும் முடிவது இதனால்தான்.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ் வருவது கொதி இல்லை. நடுவில் பெரிய குமிழ்கள் உருள வேண்டும். அதில் ஒரு கை அளவைக் காலிப் பாத்திரத்தில் ஊற்றிச் சுழற்றி, அரை நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். குளிர்ந்த பீங்கானில் நேராக ஊற்றினால் தண்ணீரின் சூடு பத்து டிகிரி அளவுக்கு அங்கேயே போய்விடும்.

சூடேறிய பாத்திரத்தில் இலையைப் போட்டு அரை நிமிடம் மூடி, திறந்து முகர்ந்து பாருங்கள். அந்த இலையின் மணம் மிகத் தெளிவாகத் தெரிவது இப்போதுதான். பிறகு கொதிநீரை இலையின் மேல் ஊற்றி, மூடி, டைமரைத் தட்டுங்கள். பி.ஓ.பி.எஃப். 2 முதல் இரண்டரை நிமிடம். பி.ஓ.பி. 3. நீலகிரி, இலங்கை ஓ.பி. 4. அஸ்ஸாம் முழு இலை 4, துவர்ப்பு பிடித்தவர்களுக்கு 5. டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு மூன்றரை. முதல் பறிப்பு மட்டும் கொதிநீரில் வேண்டாம். அடுப்பை அணைத்து மூடியைத் திறந்து ஓரிரு நிமிடம் விட்டு, 90 டிகிரிக்கு வந்த பிறகு ஊற்றி இரண்டரை முதல் 3 நிமிடம்.

பாதி நேரத்தில் ஒரே ஒரு முறை மெதுவாகக் கிளறுங்கள். மேலே மிதக்கும் இலை நனைந்து இறங்கும். நேரம் முடிந்ததும் கடைசிச் சொட்டு வரை இன்னொரு பாத்திரத்துக்கு வடித்துவிடுங்கள். 'அடுத்த கப்புக்கு இருக்கட்டும்' என்று இலையோடு விட்டால், இரண்டாவது கப் கஷாயம். வடிகட்டியில் தங்கிய இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம். பிழிந்து வரும் சாறு துவர்ப்பும் கலங்கலும்தான்.

ஊறிய இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்பிப் பாருங்கள். சரியாகத் தயாரான இலை புதுச் செப்புக்காசு நிறத்தில் மினுங்கும். அங்கங்கே பச்சைத் திட்டு இருந்தால் காற்றில் கிடந்த நேரம் குறைவு, டீ பச்சை வாடையாக இருக்கும் (டார்ஜிலிங் முதல் பறிப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது). கறுத்து மங்கியிருந்தால் உலர்த்தும்போது கருகியது அல்லது பழைய சரக்கு. முழு இலையாக இருந்தால் 15 நிமிடத்துக்குள் இன்னொரு முறை கொதிநீர் ஊற்றலாம், 5 நிமிடம். டஸ்டிலும் பி.ஓ.பி.எஃப்.இலும் இரண்டாம் தண்ணீருக்குச் சாரம் மிஞ்சாது.

பாத்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சேலம் உருக்காலையில் உருட்டிய எவர்சில்வராக இருந்தாலும் சரி, பீங்கானாக இருந்தாலும் சரி, ருசி மாறாது. இரும்புச் சட்டி மட்டும் ஆகாது. டானினும் இரும்பும் சேர்ந்து டீ மை போலக் கறுக்கும். காப்பி ஃபில்டரில் டீ இறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துளைகள் அடைத்துக்கொள்ளும், இலை விரிய இடம் கிடைக்காது, எத்தனை தேய்த்தாலும் போகாத காப்பி வாசம் டீயில் ஏறும். சங்கிலியில் தொங்கும் டீ உருண்டைக்கும் இதே இடப் பிரச்சினைதான். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஏற்காட்டில் போடும்போது

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த மலை இது. ஆனாலும் குளிருக்கு எல்லோரும் கேட்பது சூடாக ஒரு டீதான். சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டருக்குப் போனால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. போதாததற்கு மாலைக் குளிரில் பாத்திரம் வேகமாக ஆறும். வீட்டில் நன்றாக இருந்த அஸ்ஸாம் தேயிலை மேலே போய் 'சப்'பென்று ஆவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சரிசெய்வது இப்படி. அஸ்ஸாமுக்குக் கோப்பைக்கு அரை கிராம் இலை கூட்டி, நேரத்தை 1 நிமிடம் நீட்டுங்கள். நீலகிரி ஓ.பி.க்கு அரை நிமிடம் கூட்டினால் போதும். பாத்திரத்தை ஒன்றுக்கு இரண்டு முறை சூடேற்றி, ஊறும் நேரம் முழுவதும் தடித்த துண்டால் சுற்றி வையுங்கள். டார்ஜிலிங் முதல் பறிப்புக்கு மட்டும் மலை தயவு காட்டுகிறது. கொதித்த தண்ணீர் பாத்திரத்தில் விழும்போது தானாகவே 90 பக்கம் வந்துவிடும். ஆற வைக்கும் வேலை மிச்சம்.

பால், இஞ்சி, எலுமிச்சை, ஐஸ்

மணத்துக்காக வாங்கிய டார்ஜிலிங்கிலும் நீலகிரி ஓ.பி.யிலும் பால் ஊற்றினால் கொடுத்த காசு வீண். பால் டீக்கு அஸ்ஸாம் அல்லது பி.ஓ.பி. ஒரு கோப்பைக்கு 4 கிராம் இலை, 150 மி.லி. கொதிநீர், நான்கைந்து நிமிடம்; வடித்து, தனியாகக் காய்ச்சிய சூடான பால் 50 மி.லி. பாலின் கேசின் புரதம் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு தணியும். அதனால்தான் வரட்டீக்குப் போடும் அளவைவிட இலை கூட வேண்டும்.

இஞ்சியைத் தட்டித் தண்ணீரிலேயே இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை இஞ்சிச் சாறு நேராகப் பாலில் பட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரிக்கும். கொதித்த இஞ்சிக்கு அந்த வேகம் இருக்காது. நாட்டுச் சர்க்கரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, கோப்பையில் கலக்குங்கள்.

எலுமிச்சை விட்டதும் டீ வெளுப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். தியாரூபிகின்கள் அமிலத்தில் நிறம் குறைந்து தெரிபவை. கோப்பைக்கு நான்கைந்து சொட்டு போதும்.

ஏப்ரல், மே சேலம் வெயிலுக்கு ஐஸ் டீ: ஒரு லிட்டர் தண்ணீரில் 8 முதல் 10 கிராம் நீலகிரி இலை, மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் 8 மணி நேரம், பிறகு வடித்துவிடவும். கொதிக்க வைக்காததால் துவர்ப்பு குறைவு, இனிப்பில்லாமலே குடிக்கலாம். சூடாகப் போட்ட டீயை ஃபிரிட்ஜில் வைத்தால் சில சமயம் பால் கலந்தது போலக் கலங்கும். கெட்டுப்போகவில்லை, காஃபீனும் தியாஃபிளேவினும் குளிரில் ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் தெளிந்துவிடும்.

தண்ணியாகவும் கடுப்பாகவும் இருந்தால்

விசித்திரமாகத் தோன்றும் இந்தப் புகார்தான் அதிகம்: டீயில் உடலும் இல்லை, ஆனால் துவர்க்கிறது. இலை குறைவாகப் போட்டு, அதை ஈடுகட்ட நேரத்தை நீட்டியதன் விளைவு. நேரத்தைத் தொடாமல் இலையைக் கால் பங்கு கூட்டிப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவு, சூடு, நேரம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒரு இலையின் குறையைக் கண்டுபிடிக்கத் தொழில்முறை ருசிபார்ப்போர் போடுவது போலக் கடுமையாகப் போட்டுப் பார்க்கலாம்: சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 3103 சொல்வது 100 மி.லி.க்கு 2 கிராம், 6 நிமிடம். குடிக்க உகந்ததல்ல, ஆனால் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள முடியாது.

நிறம் சந்தேகத்துக்கிடமாக இருந்தால், ஈர வடிதாளில் கொஞ்சம் இலையைத் தூவி ஐந்து நிமிடம் விட்டு, இலையைத் தட்டிவிட்டுக் கழுவிப் பாருங்கள். சுத்தமான இலை லேசான கறைக்கு மேல் விடாது. கறுப்பு, பழுப்புத் தீற்றல்கள் ஓடினால் சாயம் ஏற்றியது.

வாங்கி வைப்பது

மலைக்கடைகளில் மிளகு, கிராம்பு, காப்பித்தூள், யூக்கலிப்டஸ் தைலம் எல்லாம் இருக்கும் ஒரே அலமாரியில் கண்ணாடிக் காகிதப் பொட்டலத்தில் தேயிலையும் தொங்கும். தேயிலையைப் போல வாசம் வாங்கும் பொருள் அரிது. வெயில் படாத இடத்தில், ஃபாயில் உறையில், பொதியிட்ட தேதி போட்டதை வாங்குங்கள். 100 கிராமுக்கு மேல் ஒரே சமயத்தில் வேண்டாம். உலர்த்தி முடிந்த இலையில் ஈரம் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும். மூடி சரியில்லாத டப்பாவில் காற்றின் ஈரத்தை இழுத்து, நொறுங்க வேண்டிய இலை விரலில் வளையத் தொடங்கிவிட்டால் மணம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் வியர்க்கும். மசாலா டப்பாவுக்கு எதிர்ப்பக்கம், இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, முன்பு பெருங்காயம் இருந்த டப்பாவாக மட்டும் இருக்கக்கூடாது.